சக்கரம் மட்டும் சிறுக்கவில்லை

1970களிலும் 80களிலும் வந்த ஸ்டீல் ரேஸ் சைக்கிள்களின் விற்பனைக் கையேட்டைப் புரட்டினால், பளபளப்பான படங்களுக்குப் பிறகு ஒரு சின்ன அட்டவணை இருக்கும். 50, 52, 54, 56, 58, 60, 62 என்று எண்கள் வரிசையாக நிற்கும். செருப்புக் கடையில் ஆறு, ஏழு, எட்டு என்று கேட்பதுபோல் இவை ஃப்ரேமின் அளவுகள். குட்டையானவருக்குச் சின்னது, நெட்டையானவருக்குப் பெரியது, அவரவருக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறது அந்த அட்டவணை. எல்லோருக்கும் இடம் இருப்பதாகத்தான் முதல் பார்வைக்குத் தோன்றும்.

இயந்திர வரைபடங்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவள் நான். எண்களைப் பார்த்தால் வரைந்து பார்க்கத் தோன்றும். 56 அளவு சைக்கிள் ஒன்றையும் 50 அளவு சைக்கிள் ஒன்றையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். 50 என்பது 56-இன் சின்ன வடிவமாக இருக்காது. ஒரு பைப் நிமிர்ந்திருக்கும், இன்னொன்று சாய்ந்திருக்கும், மூன்றாவது குறைய வேண்டிய அளவு குறையாமல் நிற்கும். நடுவில் இருக்கும் 56-ஐத்தான் முதலில் உருவாக்கியிருக்கிறார்கள். 50-ஐ அதிலிருந்து அமுக்கி எடுத்திருக்கிறார்கள்.

பெண்ணும் சைக்கிளும் என்றதும் நாம் விடுதலையைப் பற்றிப் பேசுவோம். உலகில் வேறெதையும்விடப் பெண்களின் விடுதலைக்கு அதிகம் செய்தது சைக்கிள்தான் என்று சூசன் பி. ஆன்டனி 1896-இல் பத்திரிகையாளர் நெல்லி பிளையிடம் சொன்னதை எத்தனையோ கட்டுரைகளில் படித்திருப்போம். அந்த வரலாறு உண்மை. அதோடு சேர்த்து, அந்த இரும்பு யாருடைய உடலை அளந்து செய்யப்பட்டது என்ற வரலாறும் இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

காலைப் பார்த்துச் சக்கரம் செய்த காலம்

1870களில் ஓடிய உயரச் சக்கரச் சைக்கிளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஆள் உயரச் சக்கரம், பின்னால் குட்டிச் சக்கரம். பெடல் நேராக முன்சக்கர அச்சிலேயே இருக்கும். ஒரு முறை மிதித்தால் சக்கரம் ஒரு முறை சுற்றும், அவ்வளவுதான். வேகமாகப் போக வேண்டுமென்றால் பெரிய சக்கரம் வேண்டும். எவ்வளவு பெரியது? கால் எட்டும் அளவுக்கு. அதனால் 48 அங்குலத்திலிருந்து 60 அங்குலம்வரை பல அளவுகளில் சக்கரம் செய்தார்கள். வாங்குகிறவரின் கால் நீளத்தைப் பார்த்துச் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அன்றைய நீண்ட பாவாடையோடு அதில் ஏறுவது நடக்கிற காரியம் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பெண்கள் மூன்று சக்கர வண்டிகளை ஓட்டினார்கள். ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சைக்கிள் வரலாற்றில் சக்கரம் உடலுக்குக் கட்டுப்பட்டிருந்த காலம் அது ஒன்றுதான்.

1885-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டி. பல்சக்கரத்தின் அளவை மாற்றினாலே வேகத்தை மாற்றிவிடலாம் என்பதால், சக்கரம் ஆளுக்கு ஆள் மாற வேண்டிய தேவை போய்விட்டது. 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. சக்கரமும் டயரும் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படும் பொதுப் பொருள்களாயின. பொதுப் பொருளுக்குப் பொது அளவு வேண்டும். மெல்ல மெல்லச் சக்கரம் மாறாத ஒன்றாக உறைந்தது. இனி மாற வேண்டியது ஃப்ரேம். ஃப்ரேமாலும் மாற முடியாத இடத்தில் மாற வேண்டியவர், ஓட்டுகிறவர்.

அதே ஆண்டுகளில்தான் பெண்களுக்கென்று தனி ஃப்ரேமும் வந்தது. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடையே ஓடும் மேல் பைப்பை, நம் ஊரில் 'பார்' என்கிறோமே அதை, வளைத்துக் கீழே இறக்கினார்கள். பாவாடை சங்கிலியில் சிக்காமல் இருக்க மூடி போட்டார்கள். பின்சக்கரத்தில் துணி மாட்டாமல் இருக்க வலை கட்டினார்கள். இதில் எங்கும் பெண்ணின் கால் நீளமோ கை நீளமோ கணக்கில் வரவில்லை. அளக்கப்பட்டது அவள் உடுத்தியிருந்த துணி.

முக்கோணத்தை உடைத்தால் வலு குறையும். குறைந்த வலுவை ஈடுசெய்யக் கூடுதல் இரும்பு வேண்டும். 1894-இல் ஆனி லண்டன்டெரி என்ற பெயரில் உலகைச் சுற்றக் கிளம்பிய ஆனி கோஹன் கோப்சோவ்ஸ்கி, மூன்று குழந்தைகளின் தாய். பாஸ்டனிலிருந்து பாவாடை உடுத்தி, 42 பவுண்டு எடையுள்ள கொலம்பியா பெண்கள் சைக்கிளில் புறப்பட்டார். சிகாகோ வந்து சேர்ந்ததும் அதை விட்டுவிட்டு 21 பவுண்டு எடையுள்ள ஸ்டெர்லிங் ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். உடையையும் மாற்றிக்கொண்டார். அவர் ஏறிய சைக்கிளின் எடை சரிபாதியாகக் குறைந்தது.

பார் உள்ளது ஆணுக்கு, பார் இல்லாதது பெண்ணுக்கு என்ற இந்தப் பிரிவினை நமக்கும் வந்து சேர்ந்தது. அதை நம் பெண்களே உடைத்தும் காட்டினார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகியபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கிடைத்த ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! பெண் உடலுக்கு ஆகாது என்று நூறாண்டுகளாக நீக்கிவைத்த பைப், ஒரு தாய்க்கு மிகப் பயனுள்ள பைப்பாக இருந்தது.

கால் அளவு மட்டும் கேட்ட அட்டவணை

இனி ரேஸ் சைக்கிளுக்கு வருவோம். வலுவும் எடைக்குறைவும் வேண்டிய இடம் என்பதால் அங்கே பார் உள்ள வைர வடிவ ஃப்ரேம் ஒன்றுக்குத்தான் மதிப்பு. அதை யாருக்காகச் செய்தார்கள் என்பதற்குப் பந்தய வரலாறே சாட்சி. 1924-இல் இத்தாலியின் ஜிரோ பந்தயத்தில் அல்ஃபோன்சினா ஸ்ட்ராடா ஆண்களோடு சேர்ந்து ஓட்டினார். 90 பேர் தொடங்கி 30 பேர் முடித்த பந்தயம் அது. உடைந்த ஹேண்டிலுக்குத் துடைப்பக் கட்டையைச் செருகிக்கொண்டு ஓட்டியவர் அவர். நேரம் தவறியதால் தரவரிசையிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் கடைசிவரை ஓட்டி முடித்தார். அடுத்த ஆண்டு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆண்களுக்கான தொழில்முறை உலக ரோடு சாம்பியன்ஷிப் 1927-இல் தொடங்கியது. பெண்களுக்கு 1958வரை அது இல்லை. ஆண்களுக்கு 1896 முதல் ஒலிம்பிக் ரோடு பந்தயம் உண்டு. பெண்களுக்கு 1984-இல்தான் வந்தது.

ஸ்டீல் ஃப்ரேமின் பொது அளவுகள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் முடிவாயின. புகழ்பெற்ற ரெனால்ட்ஸ் 531 பைப் 1935-இல் வந்தது. பார் 25.4 மில்லிமீட்டர் விட்டம், சீட் பைப்பும் கீழ் பைப்பும் 28.6 மில்லிமீட்டர் என்பது நிலைத்த வழக்கமாயிற்று. பைப்புகள் சேரும் மூலைகளில் 'லக்' என்ற உலோக உறையைப் பொருத்திப் பற்றவைப்பார்கள். ஒவ்வொரு லக்கும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் செய்யப்பட்டு வரும். சக்கரம் 700சி, டயரோடு சேர்த்து ஆரம் சுமார் 34 சென்டிமீட்டர். பெடல் பொருந்தும் கிராங்க் 170 மில்லிமீட்டர். இவை எல்லாம் அலமாரியில் தயாராக இருப்பவை. பைப்பை வெட்டும் நீளத்தை மட்டும் மாற்றினால் 50 முதல் 62வரை எல்லா அளவும் செய்துவிடலாம்.

அந்த எண் எதைக் குறிக்கிறது? சீட் பைப்பின் நீளத்தை மட்டும். கடையில் நம் காலின் உட்புற நீளத்தை அளப்பார்கள், அதை 0.65-ஆல் பெருக்குவார்கள், வருவது நம் அளவு. கால் உட்புறம் 83 சென்டிமீட்டர் உள்ள ஆணுக்கு 54. கை எவ்வளவு நீளம், முதுகு எவ்வளவு, பாதம் எவ்வளவு என்ற எந்தக் கேள்வியும் அந்த எண்ணில் இல்லை.

என் உயரம் 152 சென்டிமீட்டர். இந்தியப் பெண்ணின் சராசரி உயரமும் ஏறத்தாழ அதுதான். என் கால் உட்புற நீளம் 69. பெருக்கிப் பார்த்தால் 45 வருகிறது. அட்டவணை 50-இல் தொடங்குகிறது, சில கையேடுகளில் 48-இல். இந்தியாவில் நான் குட்டை இல்லை, நடு அளவு. அந்த அட்டவணையிலோ எனக்கு வரிசையே இல்லை.

அமுக்கினால் என்ன ஆகும்?

ஏன் 45 செய்யவில்லை? பைப்பை இன்னும் கொஞ்சம் வெட்டினால் போதாதா? போதாது. இங்கேதான் சக்கரம் குறுக்கே வருகிறது.

700சி சக்கரம் என்றால் பெடல் அச்சு தரையிலிருந்து சுமார் 27 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதன்மேல் 49 சென்டிமீட்டர் சீட் பைப் சற்றுச் சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், பாரின் உயரம் தரையிலிருந்து சுமார் 74 சென்டிமீட்டர். என் கால் 69. பாருக்கு இருபுறமும் காலூன்றி நிற்கவே முடியாது. பாரை இன்னும் கீழே இறக்கலாம் என்றால் முன்பக்கம் இடம் இல்லை. சக்கரம், அதற்குமேல் ஃபோர்க், அதற்குமேல் ஹேண்டில் நிற்கும் குட்டைப் பைப். பாரும் கீழ் பைப்பும் அந்தக் குட்டைப் பைப்பில் வந்து சேர வேண்டும். பார் இறங்க இறங்க இரண்டு லக்குகளும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். பார் தரைக்கு இணையாக ஓடும் அந்தக் காலத்து ஃப்ரேமில் அதற்குக் கீழே போக வழியில்லை.

இது உயரக் கணக்கு. நீளக் கணக்கு இன்னும் மோசம். பெடல் முன்னால் வரும்போது கிராங்க் 17 சென்டிமீட்டர், அதற்குமேல் பாதத்தின் நுனி பெடல் அச்சைத் தாண்டி 10 சென்டிமீட்டர். முன்சக்கரத்தின் ஆரம் 34. கூட்டினால் 61. பெடல் அச்சுக்கும் முன்சக்கர அச்சுக்கும் இடையே ஏறத்தாழ அவ்வளவு தூரம் இருந்தால்தான் ஹேண்டிலைத் திருப்பும்போது பாதம் சக்கரத்தில் முட்டாது. நடு அளவுகளிலேயே இது மயிரிழையில்தான் தப்பும். குட்டையானவருக்காக ஃப்ரேமை நீளத்திலும் சுருக்கினால் முன்சக்கரம் காலுக்குள் வந்துவிடும்.

சக்கரத்தைச் சிறிதாக்கலாம். அது யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றினாலும் செய்யவில்லை. அதற்குப் பதிலாகக் கோணங்களில் கைவைத்தார்கள்.

முதல் உத்தி, ஹேண்டில் பைப்பைச் சாய்த்து முன்சக்கரத்தைத் தள்ளிவைப்பது. நடு அளவில் 73 டிகிரி இருப்பது சின்ன அளவில் 71 ஆகும். இதற்கு விலை உண்டு. ஹேண்டில் அச்சைக் கோடுபோல் நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். இந்த இடைவெளியை ட்ரெயில் என்பார்கள். ஹேண்டிலின் குணத்தைத் தீர்மானிப்பது இதுதான். 45 மில்லிமீட்டர் முன்வளைவுள்ள ஃபோர்க்கை வைத்துக் கணக்குப் போட்டால், 73 டிகிரியில் ட்ரெயில் 57 மில்லிமீட்டர், 71 டிகிரியில் 69. ஃபோர்க்கின் வளைவையும் சேர்த்துக் கூட்டியிருந்தால் இதைச் சரிக்கட்டலாம். எல்லா அளவுக்கும் ஒரே ஃபோர்க்கைப் போட்டால், மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப் பார்க்கும். எடை குறைந்த, கை குட்டையான ஆளுக்குத்தான் அந்த முரட்டு ஹேண்டில் கிடைத்தது.

இரண்டாவது உத்தி கண்ணுக்குத் தெரியாதது. சீட் பைப்பை நிமிர்த்துவார்கள், 73 டிகிரியிலிருந்து 75-க்கு. இப்போது பாரின் நீளம் அட்டவணையில் குறைந்துவிடும், முன்சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும். வழக்கமான எண்களை வைத்தே பார்ப்போம். 56 அளவில் பார் 56 சென்டிமீட்டர், 50 அளவில் 53 சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் குட்டை என்று நினைத்து வாங்குவோம். ஆனால் சீட் உயரத்தில் ஒரு டிகிரிக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சீட் முன்னால் நகர்கிறது. இரண்டு டிகிரிக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல். பெடலுக்குப் பின்னால் உட்கார வேண்டிய இடத்தில் உட்காருவதற்காகச் சீட்டை மறுபடி பின்னால் தள்ளுவோம். அட்டவணை கொடுத்த மூன்று சென்டிமீட்டரில் இரண்டு அங்கேயே போய்விடும். இரண்டு சைக்கிள்களின் ஆட்களுக்கும் உயரத்தில் ஒரு சாண் வித்தியாசம் இருக்கலாம். ஹேண்டில் தள்ளியிருக்கும் தூரத்தில் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

தொடை குட்டையானவருக்குச் சீட் முன்னால் வருவது நல்லதுதானே என்று கேட்கலாம். கோணத்தை மாற்றாமலே அது நடந்துவிடும். சாய்ந்த பைப்பில் சீட் கீழே இறங்கினாலே முன்னால் வந்துவிடுமே. ஆக, நிமிர்த்தியது சக்கரத்துக்காக. எடுத்துச்சொன்ன காரணம்தான் உடல்.

பைப்பின் விட்டமும் கிராங்கும் எல்லா அளவுக்கும் ஒன்றே என்று சொன்னேன். நீளமான பைப் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதே தடிமனுள்ள குட்டைப் பைப் விறைப்பாக நிற்கும். அதனால் 48 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கிடைத்தது இருப்பதிலேயே விறைப்பான ஃப்ரேம். பத்தரைக் கிலோ சைக்கிள் 75 கிலோ ஆணின் எடையில் ஏழில் ஒரு பங்கு. அவளுக்கு அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 170 மில்லிமீட்டர் கிராங்க் 85 சென்டிமீட்டர் காலுக்கு ஐந்தில் ஒரு பங்கு. என் காலுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் முழங்கால் அதிகமாக மடங்க வேண்டும்.

நெட்டையானவர்களுக்கும் சிக்கல் உண்டு. 62, 64 அளவுகளில் பைப்புகள் நீண்டு ஃப்ரேம் ஆட்டம் காணும். ஆனால் நீட்டுவதற்குத் தடையாக எந்தச் சக்கரமும் குறுக்கே நிற்காது. மேலே போகும் வழி கொஞ்சம் கரடுமுரடு. கீழே வரும் வழியில் சுவர்.

"உங்களுக்குக் கை கொஞ்சம் சின்னது"

என்னிடம் 50 அளவில் ஒரு பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள் இருக்கிறது. தேடித் தேடி வாங்கியது, அழகான வண்டி. நேரான சாலையில் அதற்கு ஈடு கிடையாது. சந்தில் திரும்பும்போது காலணி நுனி டயரில் உரசும். ஒரு மணி நேரம் ஓட்டினால் தோளும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். சரிபார்க்கக் கொண்டுபோன கடையில் சொன்னார்கள்: "வண்டி நல்லாத்தான் இருக்கு மேடம். உங்களுக்குக் கை கொஞ்சம் சின்னது."

சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அட்டவணை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். அளவு 50 என்று எழுதியிருக்கிறது, ஆளும் குட்டை, பிறகும் பொருந்தவில்லை என்றால் குறை ஆளிடம்தான் இருக்க வேண்டும். பெண்களுக்கு இது பழகிப்போன தர்க்கம். பேருந்தின் மேல்கம்பி எட்டவில்லை என்றால் நாம் குட்டை. கம்பி உயரம் என்று யாரும் சொல்வதில்லை.

சட்டம்கூட இந்த இடத்தில் சுற்றிக்கொண்டுதான் போயிற்று. 1970களில் அமெரிக்காவில் வந்த சைக்கிள் பாதுகாப்பு விதி, பெடலுக்கும் முன்டயருக்கும் இடையே 89 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்றது. பாதத்தைக் கட்டும் க்ளிப் பொருத்திய சைக்கிளுக்கு விலக்கு. ரேஸ் சைக்கிள்களில் அந்த க்ளிப்தான் வழக்கம். பாதம் கட்டப்பட்டிருக்கும்போது சக்கரத்தில் முட்டினால் இன்னும் ஆபத்து. விலக்கு பெற்றதோ அந்தச் சைக்கிள்தான்.

பெண்கள் பந்தயத்துக்கு வராததால் சின்ன ஃப்ரேமுக்குத் தேவையில்லை, சின்ன ஃப்ரேம் சரியில்லாததால் பெண்கள் வருவதில்லை என்று இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. இடையில் புகுந்து வந்தவர்கள் இருந்தார்கள். 1958-இல் பிரான்ஸின் ராஸ் நகரில் நடந்த முதல் பெண்கள் உலக ரோடு சாம்பியன்ஷிப்பை லக்சம்பர்க்கின் எல்சி ஜேக்கப்ஸ் வென்றார். 1967-இல் இங்கிலாந்தின் பெரில் பர்டன் 12 மணி நேரத்தில் 277.25 மைல் ஓட்டி, ஆண்களின் சாதனையைத் தாண்டினார். வழியில் தான் முந்திச் சென்ற ஆண் வீரரிடம் ஒரு மிட்டாயை நீட்டினார் என்பது சைக்கிள் உலகில் இன்றும் சொல்லப்படும் கதை. ஆண்கள் அந்தத் தூரத்தைத் தாண்ட இரண்டு ஆண்டுகள் ஆயின. கிடைத்த வண்டியில் ஏறிய பெண்களால் என்ன முடியும் என்பதற்கு இவர்கள் சான்று. வண்டியே கிடைக்காதவர்களைப் பற்றி எந்தச் சாதனைப் பட்டியலும் பேசாது.

சக்கரத்தைக் கேள்வி கேட்டவர்

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜார்ஜினா டெரி என்ற இயந்திரப் பொறியாளர் தன் வீட்டு நிலவறையில் ஃப்ரேம் பற்றவைக்கப் பழகினார். தோள் வலி, கழுத்து வலி, ஹேண்டில் எட்டவில்லை என்று பெண்கள் சொன்னதைக் குறை சொல்லாமல் கேட்டார். 1985-இல் தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார்.

அவருடைய சின்ன அளவுச் சைக்கிள்களைப் பார்த்தவர்கள் முதலில் சிரித்திருக்கக்கூடும். பின்னால் வழக்கமான 700சி சக்கரம், முன்னால் 24 அங்குலச் சின்னச் சக்கரம். ஆனால் வரைபடத்தில் பாருங்கள். முன்சக்கரத்தின் ஆரம் சுமார் 5 சென்டிமீட்டர் குறைந்ததும் எல்லா முடிச்சும் அவிழ்கிறது. ஹேண்டில் பைப்புக்கு இடம் கிடைக்கிறது, பார் இறங்குகிறது. பாதம் முட்டாமலே முன்சக்கரம் அருகே வருகிறது. ஹேண்டில் பைப்பைச் சாய்க்க வேண்டாம், சீட் பைப்பை நிமிர்த்த வேண்டாம். பார் அட்டவணையில் மட்டும் குறையாமல் உண்மையிலேயே குட்டையாகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு டியூப் வாங்கிவைக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. தோள்வலியோடு ஒப்பிட்டால் அது தொல்லையே இல்லை.

நூறு ஆண்டுகளாக எல்லோரும் மாறாதது என்று வைத்திருந்த ஒன்றை அவர் மாற்றினார். உயரச் சக்கரச் சைக்கிளின் காலத்தில் சாதாரணமாக இருந்த விஷயம்தான் அது. காலைப் பார்த்துச் சக்கரம்.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கான சைக்கிளுக்குச் சந்தை இருக்கிறது என்று தெரிந்ததும் மற்றவர்களும் இறங்கினார்கள். பெண்களுக்குக் கால் நீளம், முதுகு குட்டை, அதனால்தான் தனிச் சைக்கிள் என்ற விளக்கம் கடைகளிலும் விளம்பரங்களிலும் பரவியது. உடலளவு ஆய்வுகள் இதை ஆதரிப்பதில்லை. உயரத்தில் காலுக்கு எவ்வளவு, முதுகுக்கு எவ்வளவு என்ற விகிதம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் இருக்கும் வித்தியாசம் அதைவிட அதிகம். பெரிய வித்தியாசம் உயரத்தில்தான். பெண்கள் சராசரியாக ஆண்களைவிடப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் குட்டை. ஆகவே அளவு ஏணியின் கீழ்ப்படிகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குட்டையான ஆண்களும் அங்கேயே நிற்கிறார்கள்.

இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெண் உடல் வினோதமானது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்று சொன்னால், நடு அளவு ஆண் உடல்தான் இயல்பு என்பதை ஒப்புக்கொண்டதாகிறது. பாவாடைக்காகப் பாரை வளைத்த காலத்தின் அதே பார்வை அது. கீழ்ப்படியைச் சரியாகச் செய்யவில்லை, நடுவில் இருப்பதை அமுக்கி ஒப்பேற்றினார்கள் என்று சொன்னால் கேள்வி செய்தவர்களிடம் போகிறது. இரண்டாவதுதான் உண்மைக்கு நெருக்கம்.

1990களின் இறுதியில் மைக் பரோஸ் வடிவமைத்த ஜயன்ட் டிசிஆர் போன்ற சைக்கிள்களோடு சரிந்த பார் பரவலாயிற்று. பாருக்கு இருபுறமும் காலூன்றி நிற்பது எளிதானது. 50, 52 போய் எஸ், எம், எல் வந்தது. முன்சக்கரமும் பாதமும் முட்டும் கணக்கு மட்டும் அப்படியே இருந்தது. ஏனென்றால் அதில் சம்பந்தப்பட்டது பார் இல்லை, சக்கரம்.

நம் ஊரில் பெரிய சைக்கிளில் சின்னப் பிள்ளைகள் பழகும்போது, பாருக்கு மேலே காலைப் போட எட்டாமல், முக்கோணத்துக்குள் காலை நுழைத்து ஒருக்களித்து ஓட்டுவார்கள். குரங்குப் பெடல். அதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது, பார்க்கவும் அழகாக இருக்கும். பிள்ளைகள் வளர்ந்து சீட்டுக்கு வந்துவிடுவார்கள். 152 சென்டிமீட்டர் பெண் இனிமேல் வளரப்போவதில்லை. பெரிய வண்டிக்கு ஏற்ப உடம்பை வளைத்து ஓட்டும் சாமர்த்தியத்தை அவளிடம் ஆயுள் முழுக்க எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

பழைய ஸ்டீல் சைக்கிள்கள் மீண்டும் விரும்பி வாங்கப்படும் காலம் இது. வாங்கப்போகும் தோழிகளுக்கு நான் சொல்வது எளிது. அளவு எண்ணை மட்டும் கேட்காதீர்கள். சீட் பைப்பின் கோணத்தைக் கேளுங்கள். அது 73-க்கு மேலே போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் பாரின் நீளத்தோடு ஒரு சென்டிமீட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெடல் அச்சிலிருந்து முன்சக்கர அச்சுவரை நாடாவால் அளந்து பாருங்கள். கிராங்கின் பின்புறத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். ஓட்டிப் பார்த்துத் தோள் வலித்தால், வலிப்பது தோள், நீளமாக இருப்பது பைப் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள்.